என் கல்யாணத்தில் வெடித்ததும் வெடிக்காததும்

"வெடி என்றால் என்ன?" என்று யாராவது என்னிடம் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் கேட்டவரின் முகத்தை உற்றுப் பார்ப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாரா, இல்லை என் வீட்டு ஆட்கள் யாராவது தூண்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டும் அல்லவா? பெரும்பாலும் இரண்டாவதுதான். கதவுக்குப் பின்னால் யாரோ சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்கிற சத்தம் கேட்கும்.

சொல்லில் ஒன்றும் பெரிய சூட்சுமம் இல்லை. உள்ளே அடைபட்டுக் கிடந்த எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தால் அதற்குப் பெயர் வெடி. கோடையில் ஏரி வெடிக்கும். மரத்தில் இலவங்காய் வெடிக்கும். கூடையில் வெள்ளரிப்பழம் வெடிக்கும். பனிக்காலத்தில் உதடும் குதிகாலும் வெடிக்கும். சாவு வீட்டில் வெடித்து அழுவார்கள். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் போனால் வெடிச்சிரிப்பு. கோபக்காரனைப் பார்த்து, "ஏன்யா வெடிக்கிறே?" என்பார்கள். (என்னைப் பார்த்து தினமும் சொல்கிறார்கள். நான் கோபக்காரன் அல்ல. நியாயம் பேசுகிறவனுக்கு இந்த ஊரில் அப்படி ஒரு பெயர்.)

என் கல்யாணத்தன்று இந்த வெடிகளில் முக்கால்வாசி ஒரே காலையில், ஒரே பந்தலில் வெடித்தன. அந்தக் கதையை எங்கள் உறவினர்கள் கோலார் தங்கவயல் முழுக்க, குடியாத்தம் வரைக்கும் பரப்பியிருக்கிறார்கள். பரப்பட்டும். ஆனால் பாதியைத்தான் பரப்பியிருக்கிறார்கள்! மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு இதுவரை யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு வெடி என்றால் தீபாவளி, திருவிழா, சாமி புறப்பாடு. எங்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பு. நான் அப்போது சுரங்கத்தில், பூமிக்கு அடியில், பாறையில் துளை போடுகிற கும்பலில் இருந்தேன். துளையில் மருந்து அடைத்து, திரியைக் கொளுத்தியதும் மேஸ்திரி "பயர்!" என்று கத்துவார். அது காதில் விழுந்ததும் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு. பக்கத்தில் இருக்கிறவன் கையைப் பிடிக்க வேண்டும். (வெடிக்காற்றில் தொப்பியில் ஒட்டியிருக்கும் மெழுகுவத்தி அணைந்துபோகும். அப்புறம் இருட்டில் யாரைத் தேடுவது?) பிடித்த கையோடு ஓட வேண்டும். பாறை மறைவில் குந்த வேண்டும். வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். மூடிக்கொண்டால் காது போய்விடும். எத்தனை துளை கொளுத்தினோமோ அத்தனையும் வெடித்து, மேஸ்திரி "ஆச்சு" என்று சொன்னால்தான் எழுந்திருக்கலாம்.

கொளுத்தியும் வெடிக்காமல் நிற்கிற துளைக்கு நாங்கள் வைத்த பெயர் மிஸ். வெடித்ததைவிட வெடிக்காததுதான் எமன். செத்துவிட்டது என்று நினைத்துக் கிட்டே போய்க் குனிந்தவர்களில் சிலரோடு நான் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் "பயர்" என்றால் யோசிக்கக் கூடாது. யோசிக்கிறவன் ஆளேற்றும் கூண்டில் ஏறி மேலே வருவதில்லை. கால் தானாக ஓட வேண்டும். என் கால் அப்படிப் பழகிய கால். அதுதான் என்மேல் உள்ள குற்றச்சாட்டு. கேட்டீர்களா அநியாயத்தை!

எனக்குப் பெண் பார்த்தது குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். பெண் பெயர் பச்சையம்மாள். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன் கோவிந்தன்தான் வளர்த்தவர். மருமகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அவருக்குத் தங்கவயல் என்றாலே ஒரு பயம். அவர்கள் ஊரிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ஒருவன், ஊரில் கட்டிய பெண்டாட்டியை அப்படியே விட்டுவிட்டு எங்கேயோ ஓடிப்போய்விட்டானாம். அந்தப் பெண் அதற்குப் பிறகு யார் வீட்டுப் படியும் ஏறவில்லையாம். அதனால் நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாப்ளே, எனக்கு நகை நட்டு கேக்கத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஓடிப்புட மாட்டீங்களே?"

"ஓடறதா? நானா?" என்று மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தேன். அந்த மீசையை இப்போது நினைத்தாலும் பிடுங்கிப் போடலாம் போலிருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்த மீசை அது.

கல்யாணம் எங்கள் பக்கத்தில், ஸ்கெலட்டன் லயனில். அப்போது ராபர்ட்சன்பேட்டையில் கடைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். கூறைப் புடவையை அங்கே எடுத்ததைப் பற்றி என் அம்மா லயன் முழுக்கப் பெருமை பேசி முடித்திருந்தாள். லயன் என்றால் மாளிகை இல்லை. வரிசையாக மூங்கில் தட்டி வீடுகள், நடுவில் பந்தல் போடுகிற அளவுக்கு இடம், ஓரத்தில் யானை படுத்த மாதிரி ஒரு பெரிய பாறை. பந்தலில் என் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் என்னோடு வேலை செய்கிறவர்கள். முன்வரிசையில் மேஸ்திரி, வெள்ளைத் தலைப்பாகையோடு.

பெண் வீட்டார் ரயிலில் வந்து இறங்கினார்கள். கோவிந்தன் மாமா தோளில் ஒரு சாக்கு மூட்டை. உள்ளே மூன்று இரும்புக் குழாய்கள், ஒரு பானை நிறைய வெடிமருந்து! அவர்கள் ஊரில் தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளத்தோடு வேட்டு போட வேண்டும், இல்லாவிட்டால் கட்டின தாலி ஊருக்குத் தெரியாது. திருவிழாவில் வேட்டு போடுவதில் மாமா பேர்போனவர். மருந்துப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் சுருட்டுப் பிடிக்க, அத்தனை தூரம் ரயிலில் வந்திருக்கிறார் மனுஷன். அவர் தைரியசாலியாம். நான் பயந்தாங்கொள்ளியாம்.

அவரும் சட்டத்துக்கு அடங்கிய மனுஷன்தான். இது வெள்ளைக்காரன் சுரங்கம் உள்ள இடமாயிற்றே, வேட்டு போடலாமா என்று என் கூட்டாளி ஆரோக்கியத்திடம் விசாரித்திருக்கிறார். ஆரோக்கியம் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். வேலை விதிகளிலும் அதே பக்தி.

"போடலாம் மாமா. ஆனா கொளுத்தறதுக்கு முன்னாடி 'பயர்'னு கத்தணும். கத்தாம இங்க ஒரு தீக்குச்சி கூட கிழிக்கக் கூடாது."

"அவ்ளோதானே? கத்திட்டா போச்சு."

மாமா செய்தது சரி. ஆரோக்கியம் சொன்னது சரி. நான் செய்ததும் சரி. எல்லோரும் சரியாகச் செய்த ஒரு காரியத்தில் பழி மட்டும் எப்படி என் ஒருவன் தலையில் வந்து விழுந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முகூர்த்தம் வந்தது. பச்சையம்மாள் மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் நான் நின்றேன். எனக்கு வலப்பக்கம் புரோகிதர். தாலியை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் குனிந்தேன். தாலிக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. மேளக்காரர்கள் அடிக்கிற அடியில் பந்தல் கால் ஆடியது.

அந்த மேளத்தையும் மீறி, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது ஒரு குரல்.

"பயர்ர்ர்!"

என்ன குரல் என்கிறீர்கள்! எங்கள் மேஸ்திரிகூட வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

அப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. கால்களைத்தான் கேட்க வேண்டும். புத்தி திரும்பி வந்தபோது பாறைக்குப் பின்னால் குந்தியிருந்தேன். வாய் திறந்திருந்தது. எனக்கு இந்தப் பக்கம் ஆரோக்கியம், அவனுக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி, அதற்கும் அப்பால் எங்கள் ஷிப்ட் மொத்தமும். எல்லோர் வாயும் திறந்திருந்தது. என் இடது கையில் தாலி. வலது கையில் இன்னொரு கை. மெத்தென்ற கை. திரும்பிப் பார்த்தேன். புரோகிதர்.

அவர் வாயை மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, வாயத் தெறங்க! காது பூடும்!" என்றேன்.

பாவம், மறு பேச்சில்லாமல் திறந்தார்.

முதல் குழாய் வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது வெடிக்கவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "மிஸ்," என்றார் மேஸ்திரி. "எவனும் எழுந்துக்கக் கூடாது."

பெண் வீட்டார் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை, நியாயமாகப் பேச வேண்டுமே என்பதற்காகச் சொல்லிவிடுகிறேன். பந்தலில் மாப்பிள்ளை வீட்டு ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. என் அம்மா மட்டும் குத்துவிளக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். (தினமும் பூமிக்கு அடியில் வெடிக்கும்போது லயனில் பெண்கள் பானை சட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம்.) மணையில் மாலையும் கழுத்துமாகப் பெண் தனியாக. மாப்பிள்ளையையும் காணோம், தாலியையும் காணோம், புரோகிதரையும் காணோம்.

"ஓடிப்பூட்டான்!" என்று மாமா அலறினார். "நான் அப்பவே கேட்டேனே! தாலியோட ஓடிப்பூட்டானே பாவி!"

அவ்வளவுதான். பெண் வீட்டுப் பெண்கள் வெடித்து அழுதார்கள். வந்த வழியே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றது ஒரு குரல். மணையிலிருந்து எழுந்த பெண்ணை இனி எவன் கட்டுவான் என்றது இன்னொன்று. அந்த ஊர்ப் பெண்ணின் கதை எனக்கு நினைவு வந்தது. பச்சையம்மாள் யார் வீட்டுப் படியும் ஏறாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி கண்ணில் தெரிந்தது. பாறை ஓரமாகத் தலையை மட்டும் நீட்டினேன்.

"மாமா! நான் ஓடலை! இங்கதான் கீறேன்!"

"அங்க இன்னாடா பண்ணிக்கினு கீறே? வெளிய வாடா!"

"வர முடியாது மாமா! மிஸ் கீது!"

"இன்னாது கீது?"

"ஒரு கொழாய் வெடிக்கலை மாமா! கிட்டப் போவாதீங்க! கொஞ்சம் பொறுங்க, கட்டிர்றேன்!"

"முகூர்த்தம் போகுதுடா!" என்றார் மாமா. உடனே புரோகிதருக்கும் அது நினைவு வந்து, திறந்த வாயோடு வானத்தைப் பார்த்து, "ஆமாம், போகுது, இன்னும் கொஞ்சம்தான்," என்றார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். கெஞ்சினேன். மேஸ்திரி தலையை ஆட்டினார். "கல்யாணம் இன்னொண்ணு பண்ணிக்கலாம். தல இன்னொண்ணு மொளைக்காது," என்றார். (பெண் வீட்டார் காதில் இது விழுந்தது. அதையும் நான் சொன்னதாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.)

மாமா வெடித்துவிட்டார். "ஒரு கொழாய்க்குப் பயந்த கூட்டம்! நான் நூறு திருவிழா பார்த்தவன்டா! இதோ பாரு!" என்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மூன்றாவது குழாயை நோக்கி நடந்தார். நடந்துபோய், அதன் வாய்க்கு நேராகக் குனிந்தார். குச்சியை உள்ளே விடப் போனார்.

இங்கேதான் எல்லோரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள். "மாப்பிள்ளை பாறைக்குப் பின்னால், மாமா குச்சியோடு," என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நிறுத்தாதீர்கள்! இதற்கு மேல் கேளுங்கள்!

மேஸ்திரி "ஆச்சு" சொல்லவில்லை. சொல்லாமல் நான் எழுந்தது என் வேலைக்காலத்தில் அந்த ஒரே ஒரு முறைதான். பாறையைத் தாண்டினேன். வேட்டி எங்கே போயிற்று, மாலை எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. ஓடிப்போய் மாமாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் உருண்டேன். வரிசைத் தட்டுகள்மேல் விழுந்தோம். தேங்காய்களெல்லாம் உருண்டு ஓடின. மாமாவின் தலைப்பாகை மட்டும் கழன்று, குழாயின் வாயில் போய் உட்கார்ந்தது.

வெடித்தது.

முதல் இரண்டையும் சேர்த்தாலும் அந்தச் சத்தம் வராது. தலைப்பாகை பந்தலைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. பிறகு துண்டு துண்டாக, ஓரத்தில் புகைந்துகொண்டு, கீழே வந்தது. ஒரு துண்டு மாமாவின் மார்பில் வந்து விழுந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதில் இருந்திருக்க வேண்டிய தன் தலையை இன்னொரு கையால் தடவிப் பார்த்தார். பந்தலில் அழுகை நின்றுபோயிற்று.

அந்த நிசப்தத்தில், மணையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

பச்சையம்மாள்தான். மணப்பெண் தலை நிமிர்ந்தாலே ஊர் பேசுகிற காலம். அவள் மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் மை கரைந்து ஓடியது. நிறுத்தப் பார்த்து, வாயைப் பொத்தி, மறுபடியும் வெடித்தாள். எதற்குச் சிரித்தாய் என்று பிறகு கேட்டேன். "நீங்க எங்க மாமா மேல படுத்துக்கினு இருந்தீங்க. கையில தாலிய வுடவே இல்ல. வாய் மட்டும் அப்படியே தெறந்துக்கினு இருந்தது," என்றாள்.

மாமா எழுந்தார். என்னையும் தூக்கி நிறுத்தினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, "அதெல்லாம் இன்னா மாமா," என்று சொல்லத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தன் ஊர் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"டேய், ரெண்டு பேரு வாங்கடா இங்க. இவன் தோளைக் கெட்டியாப் புடிங்க. சாமி, நீங்களும் வந்து உக்காருங்க. இப்பக் கட்டச் சொல்லு பாப்போம்."

ஏர் ஓட்டிக் காய்த்த கைகள் இரண்டு பக்கமும் என் தோளை அழுத்தின. நகர முடியவில்லை. அப்படியே குனிந்து, பச்சையம்மாளின் கழுத்தில் மூன்று முடிச்சும் போட்டேன். முகூர்த்தம் தப்பவில்லை என்று புரோகிதர் சத்தியம் செய்தார். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் பாறைக்குப் பின்னாலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது: "ஆச்சு!" எங்கள் ஷிப்ட் எழுந்து வந்து பந்தியில் உட்கார்ந்தது.

இதுதான் முழுக் கதை. ஓடியது நிஜம். ஆனால் திரும்பி ஓடி வந்ததும் நிஜம்தானே? முதல் ஓட்டத்துக்கு இருக்கிற மரியாதை இரண்டாம் ஓட்டத்துக்கு ஏன் இல்லை? கோவிந்தன் மாமா சாகும்வரை முதல் ஓட்டத்தை மட்டும்தான் ஊர் ஊராகச் சொன்னார். ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் தலைப்பாகை கட்டவே இல்லை. ஏன் மாமா என்று கேட்டால், "இப்பல்லாம் முன்ன மாதிரி வெயில் இல்ல மாப்ளே," என்பார். தீபாவளிக்கு எனக்கு மட்டும் தன் கையால் எண்ணெய் தேய்த்துவிடுவார். வாயைத் திறந்து அந்த இரண்டாம் பாதியை ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பச்சையம்மாளின் புகார் வேறு. ஓடியதை அவள் மன்னித்துவிட்டாள். "பக்கத்துல இருக்கறவங்க கையப் புடிக்கணும்னுதானே உங்க சட்டம்? என் கையை வுட்டுட்டு ஐயரு கையை ஏன் புடிச்சீங்க?" என்பாள். அவள் எதிரில் இருந்தாள், புரோகிதர் பக்கத்தில் இருந்தார், சட்டம் பக்கத்தைத்தான் சொல்கிறது என்று ஆயிரம் முறை விளக்கிவிட்டேன். "ம்," என்பாள். அந்த "ம்"முக்கு எந்தப் பாறை மறைவும் போதாது.

போகட்டும் என்று விட்டுவிடலாம் என்றால், விட்டார்களா? அடுத்து பச்சையம்மாளின் தம்பிக்குக் கல்யாணம். எதற்கும் இருக்கட்டும் என்று மாமா இரண்டு ஆட்களை மாப்பிள்ளையின் தோளைப் பிடிக்கச் சொன்னார். கேலிக்குத்தான். அதற்கடுத்த கல்யாணத்தில் கேலி கொஞ்சம் குறைந்தது. அதற்கும் அடுத்ததில், தோள் பிடித்தவர்களுக்குப் புது வேட்டி கொடுத்தார்கள். அப்புறம் யார் பிடிப்பது என்று பங்காளிகளுக்குள் சண்டை வந்தது. லயனில் எங்களுக்கு உறவே இல்லாத வீடுகளிலும் பிடிக்க ஆரம்பித்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முன்பின் தெரியாத புரோகிதர், "தோள் பிடிக்கிறவா முன்னாலே வாங்கோ," என்று கூப்பிட்டதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன தையில் என் கடைசி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோலார்ப் பக்கம். படித்த பையன். இரண்டு தடியர்கள் தோளை அழுத்தியதும் மிரண்டுபோய், "இது எதற்கு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பல்லில்லாத வாயால் சற்றும் கூசாமல், "ஆதி காலத்து வழக்கம் மாப்ளே. தாலி கட்டற நேரத்துல தோள்ல குலதெய்வம் வந்து எறங்கும். அந்த பாரம் தாங்கறதுக்கு," என்றார். புரோகிதரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

எனக்கு உள்ளே அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. இதற்கு மேலும் பொறுக்கக் கூடாது, இத்தனை சபைக்கு நடுவில் முழுக் கதையையும், இரண்டாம் பாதியோடு சேர்த்து, சொல்லிவிடுவது என்று முடிவு செய்து எழுந்தேன்.

பாதி எழுந்திருப்பேன். பின்னாலிருந்து இரண்டு பேர் என் தோளைப் பிடித்து அழுத்தி, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். திமிறிப் பார்த்தேன். அசையவில்லை. பச்சையம்மாளின் குரல் கேட்டது.

"கெட்டியாப் புடிச்சுக்கோங்கடா. தாலி கட்டற நேரம். இந்த மனுசனை நம்ப முடியாது."